பள்ளம் இல்லாத மைதானம்

சாய்ந்தான்பட்டிக்காரர்களைப் பற்றி வாய் திறக்க எனக்கு முழு உரிமை உண்டு. என் அக்காவை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான் பக்கத்து ஊர், நடுப்பட்டி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான் இருக்கிறது. புத்தி மட்டும் அந்தக் கண்மாயைத் தாண்டிப் போனதில்லை என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வோம்.

கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். தபால்காரர் ஒருநாள், வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு வையுங்கள், எனக்கு வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே எல்லா வீட்டுச் சுவரிலும் நம்பர் எழுதியாகிவிட்டது. அவரவருக்குப் பிடித்த நம்பர். ஒரே தெருவில் ஏழு வீட்டுக்கு ஒன்பதாம் நம்பர், ராசியான நம்பராம். அந்தத் தபால்காரர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கலை ஒட்டி நடக்கும் விளையாட்டு விழாதான் அந்த ஊருக்கு உயிர். வழுக்கு மரம், உறியடி, கயிறு இழுத்தல் என்று சுற்று வட்டாரமே அங்கே கூடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வழுக்கு மரம் அடியோடு சாய்ந்து நாலைந்து பேருக்குக் கை கால் முறிந்தது. ரொம்ப ஆழமாக நட்டால் பிடுங்கச் சிரமம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மரத்தை மேலாக்க நட்டிருந்தார்கள். போலீஸ் தடை போட்டது. விழா எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

இதில் நொந்துபோனவர் என் மாமா மாசிலாமணி. அக்கா புருஷன், அந்த ஊர் விழாக்குழுத் தலைவர். மேடையில் மாலையோடு உட்கார வேண்டிய மனுஷன், எங்கள் ஊரில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மத்தியானம் என் வீட்டில் சாப்பிட வேண்டியதாயிற்று. நானும் சும்மா இருக்கமாட்டேன். எங்கள் ஊர் மரம் எப்படி நிற்கிறது பார்த்தீர்களா மாமா என்று கேட்டுக்கொண்டேதான் சோறு போடுவேன். அவர் இலையை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார்.

போன வருஷம் அவர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தமயந்தி மனசு இளகி, ஒருநாள் மைதானத்துக்கே வந்தார். கூடவே ஜீப்பிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். உள்ளே எச்சரிக்கைப் போர்டுகள்.

"ஆபத்து எங்கெங்க வரும்னு முன்னாடியே கண்டுபிடிங்க. அந்தந்த எடத்துல போர்டு வைங்க. ஒண்ணுகூட மூட்டைல கெடக்கக் கூடாது" என்றார். "ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் விழா நடுப்பட்டிக்குப் போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

மாமா மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜீப் போனதும் விழாக்குழு உட்கார்ந்தது. மாமாவோடு மூன்று பேர். உக்கிரபாண்டி, ஊருக்கே நியாயம் சொல்பவர். வெள்ளைத்தாய், மகளிர் குழுத் தலைவி. அந்த ஊரில் யாருக்கு யோசனை வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். மூன்றாவது சின்னக்காளை. அவனிடம் மண்வெட்டி இருந்தது.

முதல் போர்டை உருவினார்கள். "பள்ளம். கவனம்" என்று இருந்தது. போர்டைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானம் முழுக்கப் பள்ளம் தேடினார்கள். மைதானம் தோசைக்கல் மாதிரி கிடந்தது. ஒரு குண்டு குழி கிடையாது.

"இல்லாத பள்ளத்துக்குப் போர்டு வச்சா அது பொய்யி" என்றார் உக்கிரபாண்டி. "அதுவும் போலீசு குடுத்த போர்டுல பொய் சொல்றதுன்னா, அது எங்க போய் முடியும்னு யோசிச்சுக்க."

"வைக்காம விட்டா மூட்டைல கெடக்குமே. அந்தம்மா கெடக்கக் கூடாதுன்னுல்ல சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார் மாமா. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளைத்தாய் வெகுநேரம் தரையைப் பார்த்தார். "போர்டு தயாரா இருக்கு. பள்ளந்தான் இன்னும் தயாராகல. தோண்டிட்டாப் போச்சு."

எவ்வளவு சுலபமான விஷயம், நமக்குத் தோன்றவில்லையே என்று மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னக்காளை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி நிறுத்தினான். உக்கிரபாண்டி எட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பள்ளத்துக்கு யாராவது கவனம் என்பார்களா, பார்த்துப் போ என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார். சின்னக்காளை மறுபடி இறங்கினான். பொழுது சாயும்போது அவன் தலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, ஏற முடியலண்ணே."

"அப்பச் சரியா இருக்கு" என்றார் உக்கிரபாண்டி. "ஏறி வா."

ஏணி கொண்டுவரும் வரைக்கும் அவன் உள்ளேயே உட்கார்ந்து பீடி பிடித்தான் என்று அக்கா சொன்னாள்.

இரண்டாவது போர்டு: "ஆழமான நீர். குளிக்காதீர்." வெள்ளைத்தாய்க்கு இதில் ஒரு சிக்கன யோசனை தோன்றியது. இன்னொரு குழி எதற்கு, இருக்கிற பள்ளத்திலேயே தண்ணீரை விட்டால் ஒரே செலவில் இரண்டு போர்டும் நிறைவேறிவிடும். பம்ப்செட் வைத்துக் கண்மாய்த் தண்ணீரை அடித்து மார்பளவுக்கு நிரப்பினார்கள். ஆபத்து மள மளவென்று கூடிவருவதைப் பார்த்து மாமாவுக்கு நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது: "வழுக்கும். மெதுவாகச் செல்லவும்." எங்கே வழுக்க வைப்பது என்று கொஞ்சம் வாக்குவாதம். ஆள் போகாத மூலையில் எண்ணெயை ஊற்றினால் வீண், எல்லாரும் வருகிற நுழைவாயிலில்தான் ஊற்ற வேண்டும் என்று வெள்ளைத்தாய் தீர்ப்புச் சொன்னார். வழுக்கு மரத்துக்கு வாங்கி வைத்திருந்த விளக்கெண்ணெயோடு சோப்புத் தண்ணீரையும் கலந்து, வாசலிலிருந்து பள்ளம் வரைக்கும் தாராளமாக மெழுகினார்கள். சோதனைக்கு மாமாவே நடந்தார். நாலாவது எட்டில் மல்லாந்து விழுந்தார்.

"மெதுவாத்தான போனீரு?" என்று உக்கிரபாண்டி விசாரித்தார்.

"மெதுவாத்தான் போனேன்."

"அப்பச் சட்டப்படிதான் விழுந்திருக்கீரு. எந்திரிச்சு வாரும்."

நாலாவது போர்டுதான் அவர்களைத் திணறடித்தது. "கடிக்கும் நாய். ஜாக்கிரதை." சாய்ந்தான்பட்டி நாய்களுக்கு அந்த ஊர்க் குணம். யார் வந்தாலும் வாலை ஆட்டும், திருடன் வந்தால் கூடக் கொஞ்சம் ஆட்டும். ஆகவே மாமாவும் அக்காவும் கண்மாய்க் கரையேறி என் வீட்டுக்கு வந்தார்கள். என் நாய் சூரனை ஒரு நாளைக்கு இரவல் கேட்டார்கள்.

எதுக்கு மாமா என்றேன். விழாப் பாதுகாப்புக்கு என்றார். காவலுக்குக் கட்டப்போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லாக் கடிக்குமா மாப்ளே?"

"எங்க வீட்ல பொறந்தவுங்களத் தவிர எல்லாரையும் கடிக்கும்."

மாமா முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அவர் கல்யாணத்தில் கூட நான் பார்த்ததில்லை. அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, மாமா பத்தடி தள்ளிப் பின்னால் போனார். சூரனைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் முளையடித்துக் கட்டினார்கள்.

கடைசிப் போர்டு: "யாரும் உள்ளே வரக் கூடாது." இதற்கு விவாதமே எழவில்லை. வாசலில் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

விழா அன்று காலையில் எங்கள் ஊர்க்காரர்களோடு நானும் போனேன். சாய்ந்தான்பட்டி ஊரே புதுத்துணி உடுத்தி மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நிற்கிறது. கொட்டு முழங்குகிறது, ரேடியோ செட் பாடுகிறது, பந்தலில் மோர் கொடுக்கிறார்கள். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. நடு மைதானத்தில் சூரன் மட்டும் படுத்திருக்கிறான். இத்தனை பேரும் அவனைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். உறியடி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். மாமா கைகட்டி, "விழா நடந்துக்கிட்டுதான இருக்கும்மா. இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல" என்றார். அந்தம்மா மைதானத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம், போர்டைப் படிக்கமாட்டோம். சூரன் என்னைப் பார்த்து முனகியதும், ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரலாம் என்று வாசலைத் தாண்டிக் காலை வைத்தேன். ஒரு காலைத்தான் நான் வைத்தேன். மிச்சத்தை எண்ணெய் பார்த்துக்கொண்டது. உட்கார்ந்த வாக்கில், வேட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, சும்மா சொல்லக் கூடாது, ராஜ வேகத்தில் போய்த் தொபுக்கடீரென்று பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தேன். பின்னாலேயே முளையைப் பிடுங்கிக்கொண்டு சூரனும் குதித்தான்.

தலையைத் தூக்கி மூச்சு வாங்கும்போது, வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"மாப்ளே, குளிக்காதீங்க. போர்டு வச்சிருக்கு."

காப்பாற்ற ஒருவரும் உள்ளே வரவில்லை. வரக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறதே. ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார். யார் கொடுத்த போர்டை யார் மீறுவது என்று உக்கிரபாண்டி மரியாதையாகக் கேட்டார். கடைசியில் வெள்ளைத்தாய்தான் வழி சொன்னார். போர்டைப் பிடுங்காமல், மைதானத்தை விட்டு ரோட்டுக்குத் தடை சொல்கிற மாதிரி திருப்பிவிட்டார்கள். மைதானம் அனுமதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வந்த டவுன் பஸ் போர்டைப் பார்த்துவிட்டு நின்றது. டிரைவருக்குச் சாய்ந்தான்பட்டியில் பெண் எடுத்திருந்தது.

என்னை மேலே தூக்கிப் போட்டதும் ஊரே சுற்றி வளைத்துக்கொண்டது. அடி ஏதாவது பட்டதா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு அடியும் இல்லை. எண்ணெயில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தவனுக்கு எங்கே அடிபடும்? ஆனால் கால் போச்சே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விழா எங்கள் ஊருக்கு. அந்த ஆசை எனக்கு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நிமிர்ந்தால் எதிரே அக்கா நிற்கிறாள். பக்கத்தில் மாமா, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு கீறல்கூட இல்ல" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல் சொன்னதுதான், இனி விழா உங்கள் ஊருக்கே, முதலில் இந்தப் பள்ளத்தை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கொட்டுக்காரர்கள் பிய்த்து உதறினார்கள். மாமாவை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

தோளில் இருந்தபடி மாமா கீழே பார்த்தார். சூரன் என் முகத்து எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தான். மாமாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. என்னை எறக்கி விடுங்கப்பா என்றார்.

"நக்குதே" என்றார் வெள்ளைத்தாயிடம்.

"நக்கத்தான் செய்யுது."

"அப்பக் கடிக்கும்னு நாம வச்ச போர்டு?"

குழு நாலு பேரும் அந்தப் போர்டுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். பள்ளம் உண்மை, ஆழம் உண்மை, வழுக்கல் உண்மை. இந்த ஒன்று மட்டும் பொய். உக்கிரபாண்டி போர்டையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார், அந்தப் பார்வையே மாமாவைக் குத்தியது. நான் வேண்டாம் மாமா என்று எழுவதற்குள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்கையைச் சூரன் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். சூரன் நன்றாகவே கடித்தான்.

மாமா வலியே தெரியாமல் ஓடினார். புறப்பட்டுவிட்ட ஜீப்பை மறித்து, ரத்தம் வழியும் கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, ஒரு பொய்யும் இல்ல. எல்லாப் போர்டும் உண்மைம்மா."

சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு மாமாவை அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் ஊசி போட வைத்தார். விழா எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

இந்த வருஷம் பொங்கலன்று விடியற்காலையில் எங்கள் மைதானத்துப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வாசல் முழுக்க விளக்கெண்ணெய் மினுமினுக்கிறது. வெள்ளைத்தாய் பம்ப்செட்டுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பூமிக்குள்ளிருந்து சின்னக்காளையின் குரல், ஏற முடியலண்ணே என்கிறது. மாமா சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பாசத்தோடு கட்டிக்கொண்டார்.

"இத்தன பேரு வர்ற விழாவ, ஒரு பள்ளங்கூட இல்லாத மைதானத்துல எப்படி மாப்ளே நடத்துவீங்க? அதான் மனசு கேக்கல, வந்துட்டோம். எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம். நாய் மட்டும் நீங்க குடுங்க."