பத்தடி கூடுதலாக நடந்த சங்கையா

பஸ் திரும்புகிற கடைசி ஊர் கீழப்பொட்டல். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம், சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் ‘உட்காருங்க’ என்று சொன்னவர் ‘எழுந்திருங்க’ சொல்ல மறந்துபோனதால், ஒரு மனிதர் அடுத்த வாரம் அதே வீட்டில் நடந்த காதுகுத்துக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த ஊர்ச் சங்கையா மதுரைக்கு வந்தது மகள் சுகந்தியின் நிச்சயத்துக்குப் புடவை எடுக்க. மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.

“விடியறதுக்குள்ள புடவையோட வீட்டுல இருக்கணும். இல்லைன்னா பிள்ளை பழசைக் கட்டிக்கிட்டுத்தான் சபையில நிக்கணும்” என்று சொல்லித்தான் அவர் மனைவி செல்லக்கனி அனுப்பியிருந்தாள். தனியாகப் போனால் தொலைந்துபோவார் என்று இரண்டு பேரைத் துணைக்கும் சேர்த்துவிட்டாள். ஒருவன் போஸ். வீட்டில் மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தவன், வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் முத்திருளு. பத்தாம் வகுப்பு மூன்று தடவை எழுதியவர் என்பதால் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

புடவை எடுத்தாயிற்று. எத்தனை வருஷமானாலும் மடிப்புக் கலையாது என்று கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான். விளக்குத்தூண் பக்கம் மூவரும் வந்தபோது மாலை ஐந்து மணி. அங்கே சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண், சுற்றிலும் நின்ற வெளியூர்க்காரர்களிடம், “எல்லாரும் என் பின்னாலேயே வாங்க. பழைய மதுரையை நடந்தே பார்க்கப் போறோம்” என்றாள். பெயர் ரூபாவதி. ஊர் சுற்றிக் காட்டுவது அவள் தொழில்.

“எல்லாரும்னு சொல்லிருச்சு” என்றான் போஸ்.

“அப்ப போயித்தான் ஆகணும்” என்றார் முத்திருளு.

சங்கையா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

முதலில் ரூபாவதி விளக்குத்தூணைக் காட்டி, “அண்ணாந்து பாருங்க” என்றாள். பார்த்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அது அவரவர் வளர்ப்பு. இவர்கள் மூவரும் அண்ணாந்தபடியே அடுத்த தெருவுக்குப் போனார்கள். போகிற வழியில் சங்கையா ஒரு வாழையிலைக் கட்டின் மேல் மெத்தென்று உட்கார்ந்தார்.

“கண்ணு எங்கய்யா இருக்கு?” என்றாள் இலைக்காரம்மா.

“மேல இருக்கும்மா. இன்னும் இறக்கச் சொல்லலை.”

ரூபாவதி ஓடி வந்து மூன்று பேர் தலையையும் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள்.

அப்புறம்தான் விஷயமே. பத்துத்தூணுக்குப் போகிற சந்தின் முனையில் அவள் நின்றாள். “இங்கிருந்து சரியா நூறடி. ஒவ்வொரு அடிக்கும் நாலு வருஷம் பின்னால போறோம்னு நினைச்சுக்குங்க. அங்க போய் நிக்கும்போது நாம நானூறு வருஷத்துக்கு முன்னால, நாயக்கர் காலத்துல இருக்கோம். பஸ் கிடையாது, கரண்ட் கிடையாது, போன் கிடையாது.”

கூட்டம் சிரித்துக்கொண்டே நடந்தது. இவர்கள் சிரிக்கவில்லை. முப்பதாவது அடியில் போஸ், “வெள்ளைக்காரன் இருக்கிற காலம்டா, சத்தம் போடாம வாங்க” என்று எச்சரித்தான். நூறாவது அடியில் பெரிய பெரிய தூண்கள் எதிரே நின்றன. சங்கையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுத்தெருவில் நின்று கும்பிட்டார்.

பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

“நகரணுமா?” என்றான் போஸ்.

“எதுக்கு? அந்த வண்டி வர்றதுக்கு இன்னும் முந்நூத்தம்பது வருஷம் இருக்கு” என்றார் முத்திருளு.

ஆட்டோ கால்விரலை உரசி நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். “யோவ் பெரிசு, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?”

“சொல்லிட்டுத்தான் தம்பி வந்தேன். புடவையோட விடியறதுக்குள்ள வந்துருவேன்னு” என்றார் சங்கையா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எந்த வீடு? எந்த விடியல்?

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

“எடுக்காதே” என்றார் முத்திருளு. “போன் கிடையாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு.”

“செல்லக்கனிப்பா. பேரு தெரியுது.”

“அவ இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத பொம்பளைகிட்ட என்னத்தைப் பேசுவே?”

நியாயமாகத்தான் பட்டது. போன் ஏழு தடவை அடித்து ஓய்ந்தது.

ரூபாவதி கடைசித் தூணைக் காட்டி நன்றி சொல்லிக் குடையை மடக்கினாள். மற்றவர்கள் யாரிடமும் கேட்காமல் அவரவர் பாட்டுக்கு இந்தக் காலத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். மூவரும் தூணடியில் உட்கார்ந்தார்கள்.

“எட்டு மணி பஸ் போயிருமே” என்றார் சங்கையா.

“எந்த பஸ்?” என்றார் முத்திருளு.

“என் மாடு?” என்றான் போஸ்.

“மாடு இருக்கும். உன் மாடு இருக்காது.”

சங்கையாவின் கண் நிறைந்துவிட்டது. மகளுக்குப் புடவை எடுத்தாயிற்று, மகளைத்தான் காணவில்லை.

தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ரூபாவதி, அவர் அழுவதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். விவரம் கேட்டாள்.

“சரிங்கையா, நீங்க இப்ப நிகழ்காலத்துக்கு வந்துட்டீங்க. போதுமா?”

“எப்படிம்மா?” என்றார் முத்திருளு. “நூறடி நடந்து வந்தது, உட்கார்ந்த இடத்துல எப்படித் திரும்பும்?”

அவளுக்கும் வீடு இருக்கிறது. அடுப்பில் வைக்க வேண்டிய உலை இருக்கிறது. “அப்ப அதே நூறடி, வந்த மாதிரியே பின்னால நடந்து போயிருங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மூவரும் கைகோத்து, தூண்களைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள். முத்திருளு எண்ணினார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

“வந்தாச்சு” என்று சங்கையா மூச்சு விடுவதற்குள், தண்ணி வண்டி ஒன்று எதிரே திரும்பியது. “தள்ளு, தள்ளு, பின்னால போ” என்று கத்தினான் டிரைவர். தட்டாமல் போனார்கள். வண்டி கடந்தபோது முத்திருளு நூற்றுப்பத்து என்று எண்ணி முடித்திருந்தார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பத்தடி” என்றான் போஸ்.

“நாற்பது வருஷம்” என்றார் முத்திருளு.

“திரும்பப் பத்தடி முன்னால போயிருவோம்பா” என்றார் சங்கையா. காலைத் தூக்கியும்விட்டார். அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. “பஸ்ஸ்டாண்டு பஸ்ஸ்டாண்டு, சீக்கிரம் ஏறுங்க, ஏறுங்க.”

ஏறச் சொன்னால் ஏறத்தானே வேண்டும். ஓட்டியவன் தூணடியில் ஹாரன் அடித்த அதே டிரைவர்.

“நாற்பது வருஷமாச்சு, அப்படியே இருக்கான் பாரு” என்று போஸ் காதோடு சொன்னான். “தலைமயிர்கூடக் கொட்டலை.”

எட்டு மணி பஸ் போய்விட்டதால் விடியற்கால பஸ்தான் கிடைத்தது. அதில் முதியோர் சீட்டில் இருந்த ஒருவரை முத்திருளு எழுப்பிவிட்டார். “இவருக்குத் தொண்ணூத்திரண்டு” என்று சங்கையாவைக் காட்டினார். கண்டக்டர் சங்கையாவை ஏற இறங்கப் பார்த்து, “பார்த்தாத் தெரியலையே” என்றார்.

“எங்க ஊர்த் தண்ணி அப்படி” என்றார் சங்கையா. சொன்ன கையோடு அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வழியெல்லாம் மஞ்சள் பையைத் தடவிக்கொண்டே வந்தார். சுகந்தி எப்படி இருப்பாள்? யார் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள்?

மறுநாள் காலை கீழப்பொட்டலில் இறங்கியதும் போஸ் தன் மாட்டுக்கு ஓடினான். மாடு அவனைப் பார்த்துக் கத்தியது. “நாற்பது வருஷம் கழிச்சும் என்னை அடையாளம் தெரியுதே” என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

சங்கையா வழியில் ஒடித்த ஒரு கம்பை ஊன்றி வீட்டு வாசலுக்கு வந்தார். செல்லக்கனி நின்றிருந்தாள்.

“போனை எடுத்தா என்ன? கையில பக்கவாதமா?”

“செல்லக்கனி,” என்று அவள் தலையை உற்றுப் பார்த்தார், “இத்தனை வருஷம் காத்திருந்தியா? ஒரு நரைகூட இல்லையே.”

“ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்” என்று பையைப் பிடுங்கிப் புடவையை வெளியே எடுத்தாள். “பத்து மணிக்கு வர்றவங்க முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்காங்க. மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க.”

“பாரு, நாற்பது வருஷம் பையில இருந்தும் மடிப்புக் கலையலை. கடைக்காரன் பொய் சொல்லலை” என்றார் சங்கையா. அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சுகந்தி அந்தப் புடவையில் வந்து சபையில் நின்றாள். சங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியே என் மக சுகந்தி மாதிரியே இருக்கா” என்றார். “பேத்தின்னாலும் இப்படியா அச்சடிச்ச மாதிரி?”

செல்லக்கனி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா வேலாண்டி, குணத்தில் கீழப்பொட்டலுக்குக் குறையாத பக்கத்து ஊர் மேலப்பொட்டல்காரர், நெற்றியைச் சுருக்கினார்.

“அப்ப அந்த சுகந்திக்கு யாரு சம்பந்தம் பேசினது?” என்றார்.

“உங்க அப்பாதான். இதே வீட்டுக்குத்தான் வர்றதா இருந்துச்சு. நான் ஊர்ல இல்லாததால என்னாச்சுன்னு தெரியலை.”

வேலாண்டி வெகுநேரம் யோசித்தார். கூட வந்தவர்களும் யோசித்தார்கள்.

“எங்க அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார் கடைசியில், வருத்தத்தோடு. “நாற்பது வருஷமா ஒரு நல்ல இடத்தை இழுத்தடிச்சிருக்காரு. பெரிய தப்பு. எங்க தலைமுறையிலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. தட்டை மாத்துங்க.”

தட்டு மாற்றினார்கள். வந்தவர்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள் செல்லக்கனி. வேலாண்டியும் கூட வந்த இருபது பேரும் உட்கார்ந்தார்கள். கல்யாணம் முடிந்து சுகந்திக்குக் குழந்தை பிறந்த பிறகுதான், அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை என்பது செல்லக்கனிக்கு ஞாபகம் வந்தது.