ஊறாத துண்டு

எலும்பு அறுவை மருத்துவர் சங்கரவேலு, ஆய்வுக்கூடத்தில் பேராசிரியை பெனினாளிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். பேராசிரியை அவரைவிட வயதில் இளையவர்.

முழங்கால் குருத்தெலும்பின் வளத்தை அளப்பதுதான் பாடம். துண்டை நொதியில் கரைத்து, நீலச் சாயம் விட வேண்டும். கத்தரிப்பூ நிறம் வரும். நிறம் அடர்ந்தால் குருத்தெலும்பு வளமானது. எவ்வளவு என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும்.

தேய்ந்த குருத்தெலும்பைத் தேற்ற சங்கரவேலு ஒரு மருந்து செய்திருந்தார். அதில் ஊறிய துண்டு ஒன்று, ஊறாத துண்டு ஒன்று. இரண்டையும் அன்று அளந்தார். அந்த மருந்தைத் தொடர்வதா, கைவிடுவதா என்று மறுநாள் ஆய்வுக் குழு கூடி முடிவு செய்யும்.

பெனினாள் வந்தபோது அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், மருந்து தோத்துப் போச்சு."

"யார் சொன்னது?"

"மருந்துல ஊறின துண்டுக்கு முதல்ல எண் நல்லா உயர்ந்து நின்னுச்சு. நம்ப முடியலை. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தேன், குறைஞ்சிருந்தது. இப்ப இன்னும் குறைவு."

"டீ நல்லா இருந்ததா?"

"கிண்டல் வேண்டாம் மேடம்."

பெனினாள் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் ஊதாத் துகள்கள் படிந்திருந்தன.

"சாயம் கலந்ததும் எண்ணைப் படிச்சிடணும்னு சொன்னேனே. நேரமானா நிறம் இப்படித் துகளா இறங்கிடும். எண்ணும் இறங்கிடும்."

"உறுதிப்படுத்திக்க வேண்டாமா?"

"வேணும். ஆறின டீயையே திரும்பத் திரும்பக் குடிச்சா சூடு தெரியுமா? கரைசல் மிச்சம் இருக்கு. புதுசா சாயம் விடுங்க."

விட்டார். உடனே படித்தார். எண் முதலில் பார்த்த உயரத்திலேயே நின்றது.

சங்கரவேலு சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பார்த்துடட்டுமா?"

"பாருங்க."

மறுபடி புதுச் சாயம். மறுபடி அதே உயரம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, மேடம்."

"கத்தி பிடிக்கிறப்பவும் இப்படித்தானா? நோயாளி எழுந்து ஓடியிருப்பாரே."

இப்போது அவர் சிரித்துவிட்டார்.

"மருந்துல ஊறாத துண்டை எத்தனை தடவை படிச்சீங்க?"

"ஒரு தடவை."

"கலந்த உடனேயா?"

அவர் யோசித்தார். "சரியா ஞாபகமில்லை."

"ஏன் திரும்பப் பார்க்கலை?"

"அது குறைவா இருந்தது, மேடம். குறைவாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுல சந்தேகப்பட என்ன இருக்கு?"

பெனினாள் ஊறாத துண்டின் கரைசலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதையும் அதே அளவு சந்தேகப்படுங்க, டாக்டர்."