செம்பி மிச்சம் பிடித்த இலைகள்

மழை பிடித்தால் லேசில் விடாத ஒரு காட்டில், ஆற்றோர மருத மரத்தில் செம்பி என்றொரு குரங்கு தன் குட்டி துள்ளியோடு வாழ்ந்து வந்தது. செம்பி மகா சிக்கனம். பத்து நாவல் பழம் கிடைத்தால் ஐந்தைத் தின்னும், ஐந்தைக் கன்னத்துப் பையில் ஒதுக்கிக்கொள்ளும். மிச்சம் பிடிப்பது நல்ல குணம்தான், குழந்தைகளே. பழத்தில் பிடித்தவரைக்கும் செம்பிக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் துள்ளிக்குக் காய்ச்சல் கண்டது. இடது காதில் சீழ் வடிந்தது. குட்டி காதைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையில் செம்பி பதறிப்போய், அதைத் தூக்கிக்கொண்டு வைத்தியக் கரடியிடம் ஓடியது.

கரடி அதிகம் பேசாது. பேசினால் கறாராகப் பேசும். கசப்பிலைகளை எண்ணிக் கையில் வைத்தது.

"ஒரு நாளைக்கு மூணு இலை. ஏழு நாளும் கொடுக்கணும். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக்கூடாது."

"காய்ச்சல் விட்ட பிறகு எதுக்கு, வைத்தியரே?"

"காதுக்குள்ளே இருக்கிற கிருமியிலே சிலது சோப்ளாங்கி, சிலது கெட்டி. சோப்ளாங்கி எல்லாம் முதல்லே செத்துடும். மீதி நாள் அந்தக் கெட்டிக்காகத்தான்."

செம்பி தலையை ஆட்டிவிட்டு வந்தது.

மூன்றாம் நாள் துள்ளி கிளைக்குக் கிளை தாவ ஆரம்பித்துவிட்டது. நான்காம் நாள் இலையை நீட்டினால் முகத்தைச் சுளித்தது.

"கசக்குதும்மா. எனக்குத்தான் சரியாயிடுச்சே."

செம்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு மருந்து எதற்கு? மீதி இலைகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய், மரப்பொந்தில் பத்திரப்படுத்தியது. அன்றைக்கு அதற்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. செம்பி கரடியிடம் போகவில்லை. பொந்திலிருந்து இரண்டு நாளைக்கு இலை எடுத்துக் கொடுத்தது. காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திக்கொண்டது. மறுபடியும் வந்தது. மிச்சமிருந்ததைக் கொடுத்தது. இந்தத் தடவை காய்ச்சல் இறங்கவே நாளாயிற்று. ஆனாலும் இறங்கியதே!

"வைத்தியர் வாசலை மிதிக்காமலே பிள்ளையைத் தேத்திட்டேன்" என்று பக்கத்துக் கிளை வெள்ளச்சியிடம் பெருமையடித்துக்கொண்டது செம்பி.

வெள்ளச்சி ஒரு பயந்த சுபாவம். சொன்னதைச் சொன்னபடி செய்யும். அதன் குட்டி கடுகு இன்னும் பால்குடி மறக்கவில்லை. மழை வலுத்தால் மரத்துக் குட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்ளும். கடுகுக்குத் துள்ளியின் மடிதான் இடம்.

அடுத்த வாரம் கடுகுக்குக் காய்ச்சல். அதே சீழ். வெள்ளச்சி கரடியிடம் ஓடி இலை வாங்கிவந்து, மென்று கூழாக்கி, ஏழு நாளும் ஊட்டியது. ஒரு வேளை தவறவில்லை. ஆனால் ஏழாம் நாள் கடுகுக்குத் தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அதற்குள் துள்ளியும் மறுபடி படுத்துவிட்டது. செம்பி புதிதாக வாங்கிவந்த இலை அதன் காய்ச்சலை அசைக்கவே இல்லை.

இரண்டு தாய்களும் கரடியின் முன்னால் நின்றன.

"இந்த இலைக்குக் கட்டுப்படாத காய்ச்சலை நான் இதுவரை பார்த்ததில்லை. யாரோ பாதியிலே நிறுத்தியிருக்கீங்க" என்றது கரடி.

"நான் ஒரு இலைகூட விடலையே, வைத்தியரே" என்று வெள்ளச்சி அழுதது.

செம்பி ஓரடி முன்னால் வந்து, "வெள்ளச்சி நிறுத்தலை. நான்தான் நிறுத்தினேன். மூணு தடவை" என்றது.

கரடி திட்டவில்லை. "நீ சாகவிடாம வச்சிருந்த கெட்டிக் கிருமிதான் பெருகி, துள்ளிகிட்டேருந்து கடுகுக்குப் போயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, குகைக்குள் போய் ஒரு கிழங்கை எடுத்துவந்தது. "இதுக்கு அது அடங்கும். ஆனா இருக்கிறது இது ஒண்ணுதான். அடுத்தது விளைய ஒரு வருஷம் ஆகும். ஒரு குட்டிக்குத்தான் காணும்."

"ஆளுக்குப் பாதி கொடுத்துடுங்களேன்" என்றது செம்பி.

"பாதி கொடுத்தா இதையும் தாங்குற கிருமி வரும். அப்புறம் இந்தக் காட்டிலே எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க என்கிட்டே ஒண்ணும் இருக்காது."

உங்களிடம் பொய் சொல்வானேன், கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் செம்பிக்கு முதலில் தோன்றியது. துள்ளி வலியில் முனகிக்கொண்டிருந்தது. கடுகுக்கு முனகக்கூடக் குரல் இல்லை. செம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"என் பிள்ளை கொஞ்சம் வளர்ந்தவன். தாங்கினாலும் தாங்குவான். கடுகுக்குக் கொடுங்க" என்றது.

வெள்ளச்சி ஏழு நாளும் கிழங்கைக் கொடுத்தது. ஐந்தாம் நாளே கடுகு பால் குடித்தது. அப்போதும் வெள்ளச்சி நிறுத்தவில்லை. கடுகு பிழைத்தது.

துள்ளி மருந்தில்லாமல் அந்த மழைக்காலம் முழுவதும் காய்ச்சலோடு போராடியது. செம்பி அதை மடியை விட்டு இறக்கவே இல்லை. கடைசியில் துள்ளியும் எழுந்துகொண்டது. ஆனால் இடது காது போனது போனதுதான். அந்தப் பக்கத்திலிருந்து சிறுத்தை வந்தால், சருகு சரசரப்பது அதற்குக் கேட்காது.

இப்போதெல்லாம் துள்ளி எந்தக் கிளைக்குப் போனாலும் செம்பி அதன் இடப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைக்குக் கேட்காததை எல்லாம் தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீதி: மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் பலம் பெறும், பலம் பெற்ற நோய் நம் பிள்ளையோடு நிற்காது.