எட்டிய மட்டும்

டாக்டர் தேவசகாயத்தை இசக்கியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவருடைய வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எத்தனையோ குழந்தைகளின் அடிவயிற்றைத் திறந்து மூடிய கை அது. பக்கவாதம் அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நாக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது.

“வாடே. ஆரஞ்சு கொண்டாந்தியா, கேள்வி கொண்டாந்தியா?”

“கேள்விதான் சார்.”

“அதானே பாத்தேன். பழம் வாங்குற மூஞ்சியா இது?”

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகளுக்கு அறுவை செய்ய அவரிடம்தான் கற்றவர். இப்போது தனியாகச் செய்கிறார். மறுநாள் காலை முத்தரசன் என்ற நாலு வயதுப் பிள்ளைக்கு அறுவை. பிறந்ததிலிருந்து இரண்டு விதையும் விதைப்பைக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிட்ட பிள்ளை. இடப்பக்கத்தை இசக்கியப்பன் போன வருடமே இறக்கியிருந்தார். நாளை வலப்பக்கம்.

“கொடி குட்டையா இருந்தா எப்படி சார் நீட்டுறது?”

விதைக்கு ரத்தம் கொண்டுவருவது அந்தக் கொடிதான். அது நீண்டால்தான் விதை கீழே வரும்.

“போன தடவை என்ன செஞ்சே?”

“குடலிறக்கப் பையைப் பிரிச்சேன். கொடியைச் சுத்தியிருந்த சதையை எடுத்தேன். வயித்துக்குப் பின்பக்கம் வரைக்கும் போயி விடுவிச்சேன். அப்பவும் ஒரு விரற்கடை குறைஞ்சது.”

“பிறகு?”

“இழுத்து, விதைப்பைக்குள்ள வச்சுத் தைச்சுட்டேன்.”

“ஏன்?”

“கீழ வந்துரும்னு அவங்கம்மாகிட்ட சொல்லியிருந்தேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“இருக்கா?”

இசக்கியப்பன் தரையைப் பார்த்தார். போன வாரம் தொட்டுப் பார்த்தபோது பைக்குள் பாசிப்பயறு அளவுக்குத்தான் ஏதோ நெருடியது. இழுபட்ட கொடியில் ரத்தம் ஓடாமல் விதை சுருங்கிப் போயிருந்தது. “தையல் நல்லா ஆறியிருக்கு” என்று மட்டும் சொல்லி அந்தத் தாயை அனுப்பிவிட்டார்.

பெரியவர் கண்ணால் தன் வலது கையைக் காட்டினார்.

“இதை நீட்டி, அந்தக் கட்டில் கம்பியில வை.”

இசக்கியப்பன் மெதுவாக விரித்தார். கை முரண்டு பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் விரல்நுனி கம்பியைத் தொட்டது. பெரியவரின் கண்ணோரம் நீர் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“எட்டிருச்சா?”

“எட்டிருச்சு சார்.”

“உன் கையை எடு.”

எடுத்தார். அந்தக் கை பழையபடி நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

“மறுபடி நீட்டு. அந்தத் துண்டால கம்பியோட சேத்துக் கட்டிப்போடு. பாக்குறவனுக்கு நேராத் தெரியும்லா?”

இசக்கியப்பன் துண்டைத் தொடவில்லை.

“கட்டுடே.”

“என்னால முடியாது சார்.”

“வாயுள்ளவன் கை. தப்பிச்சுது. கொடிக்கு ஏதுடே வாய்?”

இசக்கியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“அப்ப நாளைக்கு எங்க சார் தைக்க?”

“நீ கையை எடுத்தா அது எங்க நிக்குதோ, அங்க.”

“பைக்கு மேலேயே நின்னுருமே.”

“நிக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி போ. பிள்ளை வளருவான். கொடியும் கூட வளரும்.”

“மறுபடியும் கத்தியான்னு அவங்கம்மா கேப்பாங்க சார். என்ன சொல்ல?”

“முதல்ல, போனதைச் சொல்லு.”

இசக்கியப்பன் எழுந்து கிளம்பினார்.

காலையில் அறுவைக்கு முன்னால் அந்தத் தாயைத் தனியே உட்கார வைத்து, இடப்பக்கம் போனதையும் அது எப்படிப் போனது என்பதையும் சொன்னார். அவள் திட்டவில்லை. அழுது முடித்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இதையாவது இழுக்காதீங்க சார்” என்றாள்.

அவர் இழுக்கவில்லை. எட்டிய இடத்தில் தைத்துவிட்டு வந்தார்.

அந்த வாரமே தேவசகாயம் போய்விட்டார். அடுத்த வருடம் திறந்து பார்த்தபோது கொடி நீண்டிருந்தது; விதை தானாகப் பைக்கு வந்து நின்றது. ஓடிப்போய்ச் சொல்ல இசக்கியப்பனுக்கு ஆள் இல்லை.

முத்தரசன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்கு வலப்பக்கம் ஒன்று இருக்கிறது.