தோல்வி கிடைக்காத மூவர்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனி. அதில் மகுடேஸ்வரன், குப்புராஜ், தாமோதரன் என்று மூன்று இன்ஜினியர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவ்வளவு இருந்ததற்கு ஆதாரம் கிடையாது.

மகுடேஸ்வரனுக்குக் கோகிலவாணியோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பெண்ணின் அப்பா செல்லப்பன் ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை பெரிய காலேஜில் எம்.பி.ஏ. சீட் வாங்கட்டும், மறுநாளே முகூர்த்தம் குறிக்கிறேன் என்றார். நண்பனைத் தனியாக அனுப்புவது நன்றாக இருக்காது என்று மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

காந்திபுரத்தில் ஓர் ஆலோசகரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மூவரின் விவரங்களையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். புரொஃபைலில் பலமே இல்லை என்றார். ஆளாளுக்குத் தலைமை தாங்கி எதையாவது நடத்தியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் வாழ்க்கையின் பெரிய தோல்வி எது என்று ஒரு கட்டுரை கேட்பார்கள், அங்கேதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். விண்ணப்பிக்க ஜூலை பத்து கடைசி நாள்.

கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து மூவரும் தங்கள் வாழ்க்கையை அலசினார்கள்.

"காலேஜ்ல நமக்குப் பதினேழு அரியர் இருந்துச்சே," என்றான் குப்புராஜ்.

"அத்தனையும் அப்பறம் பாஸ் பண்ணிப்போட்டோம். அதெப்படிடா தோல்வியாகும்?" என்றான் தாமோதரன்.

ஆறு வருஷமாகப் பிரமோஷன் வராததையும் எடுத்துப் பார்த்தார்கள். கேட்டுக் கிடைக்காமல் போனால்தான் தோல்வி, நாம் கேட்கவே இல்லையே என்று அதையும் தள்ளினார்கள். ஆக, தங்களுக்குத் தோல்வியே கிடையாது என்று தெரிந்ததும் மகுடேஸ்வரனுக்கு முகம் செத்துவிட்டது.

"தோல்வி இல்லீன்னா சீட் இல்ல. சீட் இல்லீன்னா கோகிலா இல்ல," என்றான்.

உடனே, திட்டம் போட்டு ஒரு தோல்வியை உண்டாக்குவது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போண்டா கடை போட்டார்கள். தப்பித்தவறி யாரும் வந்துவிடக் கூடாதே என்று மாவில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. மூவருமே தலைமை தாங்க வேண்டியிருந்ததால் மாவுக்கு ஒரு தலைவர், எண்ணெய்க்கு ஒரு தலைவர், சட்னிக்கு ஒரு தலைவர். தட்டு கழுவத்தான் ஆள் இல்லை.

முதல் நாள் ஒரு பெரியவர் போண்டாவை ஒரு கடி கடித்தார். அவர் எப்போது துப்புவார் என்று மூவரும் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டாக்டருக்குப் பயப்படாம போண்டா தின்னு பத்து வருசமாச்சு தம்பி," என்று அவர் கண் கலங்கினார்.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற பிரஷர்காரர்கள் பூராவும் கடை முன்னால் வரிசை கட்டினார்கள். பயந்துபோய் விலையை இரண்டு மடங்காக்கினார்கள். அப்படியானால் மருந்து ஏதோ கலந்திருக்கிறது என்று கூட்டம் இன்னும் கூடியது. 'இங்கே போண்டா நன்றாக இருக்காது' என்று பலகை எழுதி மாட்டினார்கள். இவ்வளவு நேர்மையான கடையா என்று வந்தவர்கள் பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் கடைசியில் ஒருநாள் வரிசையில் செல்லப்பனே நின்றார். அவருக்கும் பிரஷர். நான்கு போண்டா சாப்பிட்டதும் மனசு மாறிவிட்டது.

"மாப்ள, படிப்பெல்லாம் எதுக்குங்க? இந்த யாவாரமே போதும். வர்ற ஆவணியிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

மகுடேஸ்வரன் கை கூப்பினான். "ஏனுங்க மாமா, நீங்க குடுத்த வாக்கை நீங்களே மீற உடுவனுங்களா? சீட் வாங்காம உங்க வாசப்படி மிதிக்கமாட்டனுங்க."

செல்லப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஐந்தாவது போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கூட்டத்தைச் சமாளித்ததில் ஜூலை பத்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதிதான் குப்புராஜ் காலண்டரைப் பார்த்தான். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு வழியாகத் தோல்வி கிடைத்துவிட்டது. கடைசி நாளைக் கோட்டை விட்டது எப்படி என்று உருக்கமாகக் கட்டுரை எழுதி, அதே காலேஜுக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

சீட் வந்தது, கோகிலவாணிக்கு. மாப்பிள்ளை மறுத்த அன்றைக்கே அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். அவளுடைய தோல்விக் கட்டுரையைப் படித்த பேராசிரியர்கள், இத்தனை வருஷத்தில் இப்படியொரு தோல்வியைப் பார்த்ததில்லை என்று மனம் விட்டுப் பாராட்டினார்களாம். செல்லப்பன் கடைக்கே வந்து இதையெல்லாம் சொன்னார். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைச் சட்னி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். பழக்க தோஷத்தில் நான்கு போண்டாவும் கட்டிக்கொண்டு போனார்.

மகுடேஸ்வரன் மோதிரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அழப்போகிறான் என்று நினைத்து மற்ற இருவரும் ஆளுக்கொரு துண்டை எடுத்து நீட்டினார்கள்.

"நாம மூணு பேரு தேடியும் ஒழுங்கா ஒண்ணு அமையல," என்றான். "அவளுக்கு மட்டும் அத்தாப் பெரிய தோல்வி எங்கடா கெடச்சுது?"

குப்புராஜ் ரொம்ப நேரம் யோசித்தான்.

"இந்தப் பக்கமா இருக்காது," என்றான். "நாமதான் தெனமும் இங்கயே இருந்தமே."