கங்கையைத் துவட்டிய மருதாயி அம்மையார்

காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில், சிவன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், அந்திநிழல் என்றொரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே தரை துடைப்பதும், கழிப்பறை கழுவுவதும், சாக்கடையில் அடைப்பெடுப்பதுமாகிய திருத்தொண்டைச் செய்துவந்தவர் மருதாயி அம்மையார். கோயிலில் உழவாரப் பணி செய்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இவர் செய்ததும் அதுதான். கையில் உழவாரத்துக்குப் பதில் மாப்பு, இடுப்பில் திருநீற்றுப் பைக்குப் பதில் பிளீச்சிங் பவுடர் டப்பா, அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியும் முன்பே குளித்து, நீறு பூசி, கோபுரம் தெரியும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். கோயிலுக்குள்ளே போய்க் கும்பிட அவருக்கு நேரம் வாய்த்ததே இல்லை. "இதோ வர்றேன் சாமி, மூணாம் ரூம்ல யாரோ வாந்தி எடுத்திருக்காங்க" என்று கோபுரத்திடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவார். கோபுரமும் காத்துக்கொண்டே இருந்தது.

அவர் துடைப்பதில் ஒரு முறை உண்டு. நடைக்கூடத்தை ஒரேயடியாக நனைக்க மாட்டார். நீளவாக்கில் பாதியைத் துடைப்பார். அது காய்ந்த பிறகே மறுபாதி. சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நடக்கிறவர்களுக்கு எந்நேரமும் உலர்ந்த வழி வேண்டுமல்லவா? ஈரமென்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்றும் இருந்தது. அதைப் படிக்க வேண்டியவர்களுக்குக் கண்ணாடி தேடிக் கிடைப்பதற்குள் தரையே காய்ந்துவிடும். ஆகவே அம்மையார், "ஈரம், ஈரம், சிவசிவா!" என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டே துடைப்பார்.

இதைக் கேட்டுக் கேலி பேசாத நாளில் லோகாம்பாள் அம்மாளுக்குச் சோறு இறங்காது. அவர் தாசில்தார் மனைவியாக இருந்து ஓய்ந்தவர். வாக்கரைச் செங்கோல்போல் ஊன்றி நடப்பவர்.

"ஏண்டி மருதாயி, ஊருக்கெல்லாம் அஞ்செழுத்து மந்திரம், உனக்கு மட்டும் ஈரம் ஈரமா? நீ கைலாசம் போனாக்கூட வாசல்ல நின்னு துடைச்சுக்கிட்டுத்தான் இருப்ப!"

"இருந்துட்டுப் போறேன் பெரியம்மா. அங்கயும் வயசானவங்கதானே நிறைய இருப்பாங்க."

அம்மையாரின் கணவர் அரிசி ஆலையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து படுத்தவர், எழவேயில்லை. அன்றிலிருந்து தரையில் தண்ணீரைக் கண்டால் அம்மையாருக்குப் பங்காளியைக் கண்டாற்போல் இருக்கும்.

இப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, லோகாம்பாள் எண்ணெய்க் குளியல் முடித்து, உள்ளங்காலில் நல்லெண்ணெய் மினுங்க அறைக்குள் நுழைந்தார். ஒரு சறுக்கு. நல்லவேளை, கட்டிலின்மேலேயே போய் விழுந்தார். எண்ணெயைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பழி தரையின்மேல் விழுந்தது, தரை யாருடையது? மேனேஜர் குணசீலன் அம்மையாரைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இன்னொருத்தர் இந்தத் தரையில வழுக்கினா உனக்கு இங்க வேலை இல்ல. மாடிப்படிக்குக் கீழ குடியிருக்கியே, அந்த இடத்தையும் காலி பண்ணிடணும்."

அம்மையார் இடம் போவதைப் பற்றிக் கலங்கவில்லை. கோபுரத்தைப் பார்த்து அவர் முறையிட்டது இதுதான்: "நான் போயிட்டா எவளாவது வந்து மொத்தக் கூடத்தையும் ஒண்ணா நனைச்சுட்டுப் போவாளே சாமி! என் புள்ளைங்க விழுந்துடுமே!" அந்தப் பிள்ளைகளில் இளையவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

இறைவன் கேட்டார். கேட்டதும் உதவியிருக்கலாம். ஆனால் அடியாரைச் சோதித்துப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று; எத்தனை யுகமானாலும் அது அவரை விட்டபாடில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் சாம்பல். தலையில் பெரிய சடை. ஊர் எது என்றதற்கு, "வடக்கே, மலைப்பக்கம், ரொம்பக் குளிரு" என்றார். பிள்ளைகள் பார்த்துக்கொள்வதில்லையா என்றதற்கு, "சின்னவன் ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் பழனிப் பக்கம் போயிட்டான். பெரியவன் தெருமுனைக்குத் தெருமுனை உக்காந்திருக்கான், எழுந்து வந்தாத்தானே?" என்றார். லோகாம்பாள், "ஐயோ பாவம், ரெண்டும் தறுதலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் கண்டுகொண்டுவிட்டீர்கள், சிரிக்கிறீர்கள். அம்மையாருக்குத் தெரியவில்லையே! அவருக்கு மாப்பைப் பிழியவே பொழுது சரியாக இருந்தது. ஏனென்றால் கிழவர் நடந்த இடமெல்லாம் சாம்பல் உதிர்ந்தது. அதைவிடக் கொடுமை, அவர் சடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தலையைத் துவட்டக் கூடாதாய்யா?"

"எத்தனையோ தரம் துவட்டியாச்சும்மா. காயற தலை இல்ல இது."

கிழவரோடு வந்த காளை வேறு சக்கர நாற்காலி இறங்கும் சரிவுப் பாதையில் மறித்துப் படுத்துக்கொண்டது. தீப்பிடித்தால், பூமி அதிர்ந்தால், எல்லாரையும் தள்ளிக்கொண்டு வெளியேற அந்த வழி ஒன்றுதான். அம்மையார் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். "உன் எசமானரைப் பாக்கணும்னா ஓரமா படுத்துப் பாரு. வழியை அடைக்காத." காளை அவரை ஒரு பார்வை பார்த்தது, எழுந்து ஓரமாய்ப் போய்ப் படுத்தது. அதற்கு இப்படி விலகிப் பழக்கம் உண்டுதானே!

நாள்தோறும் கிழவர் சொட்டினார், அம்மையார் துடைத்தார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பிரதோஷம் வந்தது.

மாலைக் காப்பிக்கு மணி அடிக்கும் நேரம். கோயிலிலிருந்து மத்தளச் சத்தம் எழுந்தது. நடைக்கூடத்து நாற்காலியில் இருந்த கிழவரின் கால் தாளம் போட ஆரம்பித்தது. அப்புறம் எழுந்தே விட்டார். ஒரு காலைத் தூக்கினார். சடை அவிழ்ந்தது. அடேயப்பா! சொட்டு ஒழுக்காயிற்று, ஒழுக்கு வெள்ளமாயிற்று. அதே நேரம் காப்பி மணி அடிக்க, அறைக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.

அம்மையார் மாப்பைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஐயா, உக்காருங்க! ரெண்டு கையாலயும் நாற்காலியைப் புடிச்சுக்கங்க. அசையக் கூடாது!"

உலகையெல்லாம் ஆட்டுவிக்கிறவர் சட்டென்று உட்கார்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அம்மையார் சடையைக் கூட்டிப் பிடித்து, மாப்பைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்தார். தோளில் கிடந்த, கைப்பிடிக் கம்பி துடைக்கிற துண்டால் இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

"இத்தனை பாடுபடறியே, கோயிலுக்குப் போய் அந்தச் சாமியைக் கேக்கலாமே?" என்றார் கிழவர்.

"நான் போனா இங்க யாருய்யா தொடைப்பா? அவருக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு, அவரு வரட்டும்."

அப்போதுதான் லோகாம்பாள் தம் அறை வாசலில் வாக்கரை வெளியே வைத்தார். ஈரத்தில் வாக்கர் முன்னே பாய்ந்தது, கால் பின்னே போனது. அம்மையாரால் சடையை விட முடியாது. விட்டால் அத்தனை பேரும் விழுவார்கள். "சிவனே, புடி!" என்று ஒரு கத்துக் கத்தினார். இத்தனை காலத்தில் அவர் இறைவனிடம் போட்ட ஒரே கட்டளை அது.

லோகாம்பாள் விழவில்லை. ஒரு கை அவர் இடுப்பைத் தாங்கி மெல்ல நிறுத்தியது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தபோது கிழவரைக் காணோம், காளையையும் காணோம், கட்டிய துண்டையும் காணோம்.

"மூணாவது கை!" என்று லோகாம்பாள் திக்கினார். "அந்தாளு ரெண்டு கையாலயும் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு, நான் பாத்தேன். அப்ப என்னைப் புடிச்சது எந்தக் கை? மூணாவது கைய்யா!"

"பெரியம்மாவுக்கு பிரஷர் பாருங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மேனேஜர் அம்மையாரிடம் திரும்பினார். "வழுக்கினாங்களா இல்லையா? சொன்னது சொன்னதுதான். காலையில கிளம்பிடு."

அம்மையாருக்குக் கண்ணீர் வந்தது, அதுவும் தரையில் விழுமே என்று முந்தானையில் ஒற்றிக்கொண்டார். "போறதுக்குள்ள இதைக் காயவெச்சுடறேன்" என்று மாப்பை எடுத்தார்.

கோயிலில் என்ன நடந்தது தெரியுமா? பிரதோஷ அபிஷேகத்துக்குத் திரையை விலக்கிய குருக்கள் திகைத்துப்போனார். இலிங்கத்தின் உச்சியில் கட்டம் போட்ட துண்டு ஒன்று முடிச்சிட்டிருந்தது. கருவறையெங்கும் பினாயில் வாசனை. குடம் குடமாய் ஊற்றியும் துண்டு நனையவில்லை. அவிழ்க்கப் போனால் முடிச்சு இளகவில்லை. உள்ளிருந்து குரல் கேட்டது:

"விடப்பா. இத்தனை யுகத்துல இன்னிக்குத்தான் தலை காஞ்சிருக்கு. கட்டினவ மருதாயி. அவ கோயிலை நான் நனைச்சுட்டேன். என் கோயிலுக்கு அவளை மேளதாளத்தோட கூட்டிக்கிட்டு வா."

விளக்கேற்றும் வேளைக்குள் நாகஸ்வரமும் பரிவட்டமுமாக ஊரே அந்திநிழல் வாசலில் நின்றது. மேனேஜர் கைகட்டி நின்றார். கழிப்பறைக்குள்ளிருந்து, "கொஞ்சம் இருங்க சாமி, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று குரல் வந்தது. வந்தவர் பரிவட்டத்தைப் பார்த்தார், நடைக்கூடத்தைப் பார்த்தார், தயங்கினார்.

"நீ போயிட்டு வாடி," என்றார் லோகாம்பாள். "அன்னிக்கு நான் வழுக்கினது என் எண்ணெய்க் காலால. இந்தப் பாவி வாயைத் தொறக்காம இருந்துட்டேன். இவளை அனுப்பினா நானும் கிளம்பறேன், எல்லாரும் கிளம்பறோம்!" பிறகு மாப்பை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார். "தம்பி, பாதி பாதியாத் தொடைக்கணும். நான் நின்னு பாக்கறேன்."

அம்மையார் முதன்முதலாகக் கருவறை வாசலில் நின்றார். தம் துண்டைத் தலையில் கட்டியிருந்தவரைக் கண்டார். ஆளை அடையாளம் தெரிந்தது. கை கூப்பியபடி, "தலை காஞ்சுடுச்சாய்யா?" என்று மட்டும் கேட்டார். முடிச்சு தானே அவிழ்ந்து துண்டு அவர் கைக்கு வந்தது. அடியார் கண்ணீர் பெருக நின்றார். நின்றவர் குனிந்து பார்த்தார். அபிஷேகத் தண்ணீர் படியோரம் தேங்கிக் கிடந்தது.

"குருக்களய்யா, இங்க ஒரு வைப்பர் கிடைக்குங்களா? வயசானவங்க வர்ற இடம்."

வேலையில் அவர் கடைசிவரை இருந்தார். தள்ளாத கால்கள் தவறாமல் நடக்கத் தரையைக் காத்த மருதாயி அம்மையார் மலரடியை, நாமும் கால் ஊன்றி நின்று கும்பிடுவோம்.