நடுத்தெரு மேடு

"சாமி, பெரிய வண்டி வாங்கினது தப்பா?" என்று கேட்டாள் அனுசுயா.

சாமி கண்ணைத் திறக்கவில்லை.

"தப்புன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதுதான் சாமி கோளாறே."

சாமி கண்ணைத் திறந்தார்.

சாமி என்றால் தாடி நரைத்த சாமி இல்லை. நாற்பதைத் தொடாத ஆள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்து குன்றடியில் குடில் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்துவார். "உயிர் ஒன்று, உடல்தான் வேறு" என்பார். நடுத்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் அந்த ஊரில் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். அனுசுயா அவரை நம்பியதற்கு அந்த ஜமுக்காளம்தான் காரணம்.

குடிலுக்கு வெளியே புங்க மரத்தடியில் அவளுடைய வண்டி நின்றது. முந்நூற்றைம்பது சிசி. கறுப்பு. டவுன் ஸ்கேன் சென்டரில் இருட்டு அறையில் நின்று நின்று சம்பாதித்தது. வாங்கி மூன்று வாரம் ஆகியும் வண்டி இன்னும் வீட்டைப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போகும்போது வண்டி. வீட்டுக்குப் போகும்போது கால்.

"என் வண்டியை என் வீட்டு வாசல்ல நிறுத்தணும். வழி சொல்லுங்க சாமி."

சாமி ஒரு டம்ளரை எடுத்து முன்னால் வைத்தார். செம்பைச் சாய்த்தார். டம்ளர் நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது.

"மனசைக் காலி பண்ணணும். அதானே சாமி? எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்ல இந்தக் கதை வாரத்துக்கு ஒரு தடவை வரும்."

சாமி செம்பைக் கீழே வைத்தார்.

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"எங்க காலனியில இஞ்சினை அணைக்காம ஓடுறது என் வாய் ஒண்ணுதான் சாமி."

"புரியலை."

அவள் சொன்னாள்.

நடுத்தெரு ஒரு செங்குத்து மேடு. அதன் அடியில் பஸ் ரோடு. உச்சிக்கு அப்பால், பாறைக்காட்டில், காலனி. வேறு பாதை கிடையாது. அவள் அப்பா தங்கமாரி கட்டட வேலைக்குப் போக ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார். காலையில் மேட்டின் உச்சிக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு இறங்குவார்.

"இறக்கத்துல எதுக்குடி பெட்ரோலை எரிக்கணும்?"

சாயங்காலம் மேட்டடியில் அணைத்துவிட்டு உச்சிவரை தள்ளுவார்.

"ஏத்தத்துல இஞ்சினுக்கு மூச்சு வாங்கும்டி. பாவம்."

சின்ன அனுசுயா பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவாள். இஞ்சின்மேல் அவளுக்கு அவ்வளவு இரக்கம். காலனியில் வண்டி வைத்திருந்த எல்லாருக்குமே அந்த இரக்கம் இருந்தது.

"ஸ்கூல்ல எரிபொருள் சிக்கனம்னு பேச்சுப்போட்டி சாமி. எங்கப்பாவைப் பத்திப் பேசினேன். மேட்டுல தள்ளுறதை நடிச்சே காட்டினேன். முதல் பரிசு."

"நல்லதுதானே."

"பரிசு கொடுத்த ஹெட்மாஸ்டர் நடுத்தெருக்காரர். எழுந்து நின்னு கைதட்டினார்."

சாமி செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அப்பகூட எனக்குப் புரியலை. காலேஜுக்கு அந்த மொபெட்லதான் போனேன். நானும் அணைச்சேன், நானும் தள்ளினேன். சிக்கனம்னே நினைச்சேன். இந்த வண்டி வந்த அன்னிக்குத்தான்..."

அன்றைக்கு அப்பாவை இந்தப் புங்க மரத்தடிக்கு வரவழைத்திருந்தாள். கண்ணை மூடச் சொல்லிக் கூட்டிவந்தாள். தங்கமாரி கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார். மீட்டரைப் பார்க்கவில்லை. லைட்டைப் பார்க்கவில்லை. என்ன மைலேஜ் என்று கேட்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். சமதரையிலேயே அது முனகிக்கொண்டுதான் நகர்ந்தது.

தலையைத் தூக்கி நடுத்தெரு மேட்டைப் பார்த்தார்.

"இதைத் தள்ள முடியாதேம்மா."

"எதுக்குப்பா தள்ளணும்? இது ஓடுற வண்டி."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

தங்கமாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னார்: "நீ புதுசா ஒண்ணையும் ஆரம்பிச்சு வைக்காதம்மா."

இதைச் சொல்லி முடித்துவிட்டு, குடிலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"போலீசுக்குப் போகலாம்" என்றாள் அனுசுயா. "போய் என்னன்னு சொல்ல? எவன் தடுத்தான்னு கேப்பாங்க. ஒருத்தனும் தடுக்கலை. போர்டு இல்லை, கயிறு இல்லை. எங்கப்பா வாயால சொன்ன காரணம் பெட்ரோல். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடுத்தெருக்காரங்க கேப்பாங்க சாமி. ஞாயித்துக்கிழமை, அந்த ஜமுக்காளத்துல வச்சு, ஒரே ஒரு வார்த்தை."

"வார்த்தைக்கு என்ன வலு இருக்கு?" சாமி எழுந்தார். "செயல்தான் பேசும். வண்டியை எடு."

"இப்பவா?"

"இப்பவே. நானும் வர்றேன்."

அவர் காலில் விழுந்திருப்பாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை, அதனால் விழவில்லை.

சாமி பின்னால் உட்கார்ந்தார். வண்டி குன்றடியை விட்டு, பஸ் ரோட்டைக் கடந்து, நடுத்தெரு மேட்டடிக்கு வந்தது.

"நிறுத்து" என்றார் சாமி.

நிறுத்தினாள்.

"அணை."

அணைத்தாள்.

சாமி இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"ம். தள்ளு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் புன்னகை. பெரியவர்கள் செய்வதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைத்தாள். மேட்டின் நடுவில் நிறுத்தி ஊரைக் கூப்பிட்டு ஏதோ கேட்கப் போகிறார். அப்படித்தான் இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள்.

வண்டி கனத்தது. அவள் தோள் தெறித்தது. சாமிக்கு மூச்சு இரைத்தது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஒரு கதவு திறந்தது.

"ஐயையோ! இங்க வந்து பாருங்க. சாமில்ல தள்ளுறாரு!"

பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் விசிறியோடு ஓடி வந்தார். ஒரு பையன் போனை எடுத்துப் படம் பிடித்தான். இரண்டு பேர் வந்து சாமியோடு சேர்ந்து தள்ளவே செய்தார்கள். புண்ணியம் இவ்வளவு பக்கத்தில் வந்தால் விடுவார்களா?

மோர் வந்தது. சாமிக்கு வெள்ளி டம்ளரில். அனுசுயாவுக்கும் வந்தது. பேப்பர் கப்பில்.

அவள் குடிக்கவில்லை.

பெரிய வீட்டு நல்லசிவம் படியிறங்கி வந்து சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"சாமி, இந்தப் பணிவு யாருக்கு வரும்?"

பிறகு அனுசுயாவிடம் திரும்பினார்.

"பாத்துக்க பிள்ள. எம்புட்டுப் பெரிய படிப்பு, எம்புட்டுப் பெரிய மனுசர். அவரே நம்ம தெருவுல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாரு. உங்க பக்கத்து இளவட்டங்களுக்கு இதை எடுத்துச் சொல்லு."

அந்தத் தெருவில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்முறை. இத்தனை காலம் பெட்ரோல் என்றும் மூச்சு வாங்கும் என்றும் ஒளிந்துகொண்டிருந்த ஒன்று, அன்றைக்குப் பட்டப்பகலில் குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

அனுசுயா சாமியைப் பார்த்தாள். இப்போது சொல்வார். இதோ, டம்ளரை வைத்துவிட்டுச் சொல்வார்.

சாமி மோரைக் குடித்து முடித்தார்.

"நல்ல மோர்" என்றார்.

தள்ளினார்கள்.

காலனி வாசலில் தங்கமாரி நின்றார். மேட்டில் நடந்ததெல்லாம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. ஓடி வந்து வண்டியின் ஹேண்டில்பாரைத் தொட்டார். சாமியின் காலைத் தொட்டார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"சாமியே தள்ளிட்டாரேம்மா! இனிமே நமக்கு என்ன கூச்சம்?"

மேட்டில் தாங்கிய அனுசுயா இங்கேதான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த மனிதருக்குக் கூச்சமாவது இருந்தது.

"வாசலுக்கு வந்தாச்சு" என்றார் சாமி. "கேட்டது கிடைச்சுதா?"

"நான் கேட்டது இது இல்லை."

"அவங்க கண்ணைப் பாத்தியா? கலங்கிப் போயிருந்தாங்க. உள்ள ஏதோ இளகுது. மெள்ள மெள்ளக் கரையும்."

"உங்களைப் பாத்துக் கலங்கினாங்க சாமி. எங்கப்பா தள்ளினப்ப ஒருத்தர் கண்ணும் கலங்கலை."

"உனக்குக் கோபம். கோபம் இருக்கிற இடத்துல ஞானம் தங்காது."

"கோபத்தை எங்க போய் அணைக்கிறது சாமி? மேட்டடியிலயா, உச்சியிலயா?"

"அனு!" என்று அதட்டினார் தங்கமாரி.

"இருக்கட்டும் தங்கமாரி. பேசட்டும்" என்றார் சாமி. தங்கமாரியைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி" என்றாள் அவள். "நீங்க தள்ளினா அது பணிவு. நாங்க தள்ளினா அதுக்கு என்ன பேரு?"

சாமி அவளை உற்றுப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். ஒரு விரலை மட்டும் நீட்டி வானத்தைக் காட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வானம் இருந்தது.

"விடையை நீயேதான் தேடணும்" என்றார். "நேரமாச்சு. குடில்ல ஆள் காத்திருப்பாங்க. என்னைக் கொண்டுபோய் விட்டுடு."

அனுசுயா வண்டியைத் திருப்பினாள். கிளப்பினாள். பாறைக்காடு முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது. காலனிப் பிள்ளைகள் ஹோ என்று கத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். தங்கமாரி பின்னாலிருந்து ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

மேட்டின் உச்சி வந்தது.

கீழே நடுத்தெரு இன்னும் கலையாமல் நின்றது. நல்லசிவம் திருப்பித் தரப்பட்ட வெள்ளி டம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு விரல் அவள் தோளைத் தொட்டது.

"அம்மா."

"சொல்லுங்க சாமி."

"இங்க அணைச்சிடு."

அவள் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நின்றது. இஞ்சின் நிற்கவில்லை.

"ஏன் சாமி?"

"இப்பத்தான் கொஞ்சம் இளகியிருக்காங்க. எதுக்கு வீணாச் சீண்டணும்?" சாமியின் குரலில் அன்பு இருந்தது. அதில் பொய்யே இல்லை. "இறக்கம்தானேம்மா. தானாப் போயிடும்."

அனுசுயா இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இறக்கம்தான் சாமி" என்றாள். "இறங்குங்க."